டோக்கியோவில் முதல் வகுப்பு



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து நான் கோவில் முற்றத்துக்கு வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் வேப்பமரத்தடியில் கைப்பேசியும் கையுமாகக் காத்து நின்றார். "சாமி, பேரனை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கணும். எந்தப் பள்ளிக்கூடம் நல்லதுன்னு உங்களைக் கேட்கச் சொன்னான் மகன்" என்றார். நம் கன்னியர் நடத்தும் பள்ளியை மனத்தில் கொண்டு, "அதற்கென்ன அம்மா, சேர்த்துவிடலாம்" என்று நானும் எளிதாகச் சொல்லிவிட்டேன். "இங்கே இல்லை சாமி, ஜப்பானில்" என்றார் அவர்.

அன்றிரவே மகனிடமிருந்து நீண்டதொரு மின்னஞ்சல் வந்தது. அவர் டோக்கியோ மாநகரில் ஒன்பது ஆண்டுகளாகக் கணிப்பொறித் துறையில் பணியாற்றுகிறார். மாநகரின் கிழக்கோரத்தில் எதோகாவா வட்டத்தில், நிஷி கசாய் என்னும் பகுதியில் குடியிருக்கிறார். 2000ஆம் ஆண்டையொட்டி இந்தியப் பொறியாளர்கள் வந்து குடியேறத் தொடங்கிய இடம் அது. நான்கு பள்ளிகளின் பெயர், கட்டணம், வீட்டிலிருந்து தொலைவு ஆகியவற்றை அட்டவணையாக எழுதி, "இவற்றுள் எது சிறந்தது, சுவாமி?" என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் கழித்து அவருடைய துணைவியார் தனியே இரண்டு வரி அனுப்பினார்: "அவர் அனுப்பிய பட்டியலில் இந்தியப் பள்ளி கடைசியில் இருக்கும். அதையும் கொஞ்சம் நன்றாகப் பாருங்கள், சுவாமி."

பள்ளிக்கூட விஷயம் குருவானவருக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். நியாயமான எண்ணமே. அதற்கு முன் என் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, நான் வேறொரு பங்கில் இருந்தபோது, ஜப்பானுக்கு மாற்றலாகிச் சென்ற இளம் தம்பதியர் இதே கேள்வியைக் கேட்டனர். நான் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "துறவறச் சபையார் நடத்தும் சர்வதேசப் பள்ளி இருக்கும், அங்கே சேருங்கள்" என்றேன். கட்டணம் எவ்வளவு, தொலைவு எவ்வளவு, எத்தனை ஆண்டு அங்கே இருக்கப் போகிறார்கள் என ஒன்றையும் கேட்கவில்லை. குருவானவர் சொல்லிவிட்டாரே என்று அவர்களும் சேர்த்துவிட்டார்கள். ஆறு வயதுச் சிறுமி காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இரயிலில் நின்றுகொண்டே போய், மாலையில் அவ்வாறே திரும்பினாள். கட்டணத்துக்காகத் தந்தை கடன் வாங்கினார். மூன்றாம் ஆண்டின் இறுதியில் நிறுவனம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஊருக்கு வந்த அச்சிறுமி ஆங்கிலத்தை அழகாகப் படித்தாள். ஆனால் தமிழில் தன் பெயரை எழுத வரவில்லை. மூன்றாண்டு வாழ்ந்த நாட்டின் மொழியிலோ வணக்கமும் நன்றியும் தவிர வேறொன்றும் அறியாள். 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் நம் மாநிலப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமாயிற்றே; அவள் நான்காம் வகுப்பில் அமர்ந்து, முதல் வகுப்புப் பிள்ளைகளின் அரிச்சுவடியோடு மல்லாடினாள். பள்ளியின்மீது குறையில்லை, நல்ல பள்ளிதான். அறியாமல் வாய் திறந்தது நான். அவளுடைய தாய் என்னிடம் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றளவும் உறுத்துகிறது.

ஆகவே இம்முறை, குருமடத்தில் என்னோடு பயின்று இப்போது ஜப்பானில் பணியாற்றும் நண்பர் ஒருவரைத் தொல்லை செய்து, கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நம் மறைமாவட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று அயல்நாடுகளில் குடும்பம் நடத்துகிறார்கள். நாடு வேறாயினும் கேள்வி ஏறக்குறைய இதுதான்.

முதலில், "சர்வதேசப் பள்ளி" என்னும் பெயரைக் கண்டு மயங்கிவிடலாகாது. ஜப்பானியச் சட்டத்தில் அப்பெயருக்கு இலக்கணம் இல்லை. அந்நாட்டுப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் முதற்பிரிவில் கூறப்படும் முறையான பள்ளிகள் ஒரு வகை. பெயர்பெற்ற சர்வதேசப் பள்ளிகளுள் பெரும்பாலானவை அவ்வகையில் சேராமல், "பல்வகைப் பள்ளி" என்னும் வேறொரு பிரிவில் மாநில அரசின் உரிமம் பெற்றவை. அந்த உரிமமும் இன்றி, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒரு தளத்தில், ஆங்கிலம் பேசும் நான்கு ஆசிரியரோடு நடப்பவையும் அதே பெயர்ப் பலகையைத்தான் மாட்டிக்கொள்கின்றன. அவற்றுள் நல்லவை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உரிமம் உண்டா, அமெரிக்காவின் வாஸ்க் அமைப்போ சர்வதேசப் பள்ளிகள் மன்றமோ தரச்சான்று அளித்திருக்கிறதா என்று கேட்டறிவது பெற்றோரின் கடமை. இத்தகைய சான்று பெற்ற பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை முடிப்போர் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் நுழைவதற்கு 2003இல்தான் வழி திறந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தைப்பற்றி இப்போதே என்ன கவலை என்பீர்கள். அடுத்த பள்ளிக்கு மாறும்போதும் இந்தச் சான்றே கைகொடுக்கும்.

நம்மவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு பெருமையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்நாட்டின் பழைய சர்வதேசப் பள்ளிகள் பலவற்றைத் தொடங்கியவர்கள் நம் துறவியரே. 1872இல் குழந்தை இயேசு சபைக் கன்னியர், மத்தில்டா அன்னையின் தலைமையில் யோக்கோஹாமா துறைமுகத்தில் இறங்கிச் செயின்ட் மோர் பள்ளிக்கு வித்திட்டனர். கிறிஸ்தவ மறைக்குத் தடை என்று அறிவித்த பலகைகள் அந்நாட்டுத் தெருக்களிலிருந்து அகற்றப்பட்டது மறு ஆண்டு, 1873இல்தான்! திரு இருதய சபைக் கன்னியர் 1908இல் ஆஸ்திரேலியாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்தனர். கிறிஸ்தவ போதகச் சகோதரர்கள் 1954இல் ஆண்பிள்ளைகளுக்காகச் செயின்ட் மேரிஸ் பள்ளியைத் தொடங்கினர். 1962இல் செய்சென் பள்ளி வந்தது. கோபே நகரில் 1951 முதல் மரிஸ்ட் சகோதரர்களின் பள்ளி இருக்கிறது. மரியன்னை சபையார் யோக்கோஹாமாவில் 1901இல் நிறுவிய புனித சூசையப்பர் கல்லூரியில் சிறுவனாகப் பயின்றவர் சார்லஸ் பெடர்சன். நார்வே நாட்டுத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் கொரியாவில் பிறந்து, எட்டு வயதில் பள்ளிக்காகக் கடல் கடந்து நாகசாக்கிக் கன்னியர் மடத்துக்கும், பத்து வயதில் யோக்கோஹாமாவுக்கும் அனுப்பப்பட்ட அவர், 1987இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தக் கல்லூரியோ ஏறக்குறைய நூறாண்டு நடந்து 2000இல் மூடப்பட்டுவிட்டது. எவ்வளவு நல்ல பள்ளியும் நம் பிள்ளை படித்து முடிக்கும்வரை நிற்கும் என்று எழுதிக் கொடுக்கப்படவில்லை.

ஆயினும் துறவியர் பள்ளியில் சேர்த்துவிட்டால் விசுவாச வாழ்வு தானே வந்துவிடும் என்று எண்ணுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். ஜப்பானில் கத்தோலிக்கர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளும் பல நாட்டினர், பல சமயத்தினர். அங்கே நற்பண்பு கிடைக்கும். புதுநன்மைக்கான தயாரிப்பு பெரும்பாலும் ஞாயிறுதோறும் பங்குக் கோவிலில்தான். டோக்கியோவின் யோத்சுயாவில் உள்ள புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் ஆங்கிலத்திலும் வேறு சில மொழிகளிலும் திருப்பலி உண்டு. பள்ளி எதுவாயினும் அந்த இரயில் பயணத்தைப் பெற்றோரே செய்தாக வேண்டும்.

இனிப் பணம். பெயர்பெற்ற சர்வதேசப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் மட்டுமே ஏறத்தாழ 20 முதல் 30 லட்சம் யென். நம் ரூபாயில் பத்து லட்சத்தைத் தாண்டும். அதன்மேல் சேர்க்கைக் கட்டணம், கட்டட நிதி, பேருந்துச் செலவு எனத் தனித்தனியே வரும். நிறுவனமே அயல்நாட்டுக்கு அனுப்பிவைத்த அதிகாரிக்குப் பல வேளைகளில் அந்நிறுவனமே கட்டணம் செலுத்திவிடுகிறது. அங்கேயே வேலை தேடிச் சேர்ந்தவருக்கோ பெரும்பாலும் சொந்தப் பைதான். பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்தாரே என்று சேர்க்குமுன், அவருக்குப் பணம் கட்டுவது யார் என்று கேட்டுக்கொள்வது நலம். பழைய துறவியர் பள்ளிகள் மாநகரின் மேற்குப் பக்கத்திலும் யோக்கோஹாமாவிலும் இருக்க, நம்மவர்கள் கிழக்கோரத்தில் கூடி வாழ்கிறார்கள். நான் செய்த தவற்றுக்கு இந்த வரைபடம் ஒன்றே போதிய சாட்சி.

இந்தியப் பள்ளிகள் பிறந்ததும் இக்காரணத்தாலேயே. 2004இல் டோக்கியோவின் கோத்தோ வட்டத்தில் ஜப்பான் இந்திய சர்வதேசப் பள்ளியும், 2006இல் குளோபல் இந்தியன் பள்ளியின் கிளையும் தொடங்கப்பட்டன. நம் மத்திய வாரியப் பாடத்திட்டம், ஆங்கில வழிக் கல்வி. கட்டணம் மற்றச் சர்வதேசப் பள்ளிகளைவிடக் குறைவு. ஏப்ரலில் ஆண்டு தொடங்குவதால், இந்தியாவுக்குத் திரும்பும் பிள்ளைக்கு ஆண்டு வீணாவதில்லை. மேனாட்டு முறைப் பள்ளிகள் ஆகஸ்டு அல்லது செப்டம்பரில் தொடங்குகின்றன. இந்தியப் பிள்ளைகளின் கணக்குத் திறமையைக் கேள்வியுற்று ஜப்பானியப் பெற்றோரே தம் மக்களை அங்கே சேர்த்த வேடிக்கையும் நடந்தது. ஆனால் இந்தியப் பள்ளி என்பதால் தமிழ் தானாக வந்துவிடும் என்று எவரும் நம்பியிருக்க வேண்டாம்.

மகன் அனுப்பிய அட்டவணையில் முதலிடத்தில் இருந்ததோ இவற்றுள் ஒன்றன்று. அவர் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் உள்ள வட்டத்துப் பொதுத் தொடக்கப்பள்ளி. கட்டணம் என்னும் பத்தியில் சுழியம் எழுதியிருந்தார்.

அதைப்பற்றி அறிய அறிய எனக்கு வியப்பு மேலிட்டது. ஏப்ரல் முதல் தேதிக்குள் ஆறு வயது நிறைந்த பிள்ளை அந்த ஏப்ரலில் முதல் வகுப்பில் நுழைகிறது. கல்விக் கட்டணமும் பாடநூலும் இலவசம். அயல்நாட்டுப் பிள்ளைக்கும் அவ்வாறே. ஆசிரியர் துணையின்றிப் பிள்ளைகளே வரிசையாக நடந்து பள்ளிக்குப் போகிறார்கள். வெள்ளை மேலங்கி அணிந்து, முறைவைத்து, தம் வகுப்பாருக்குத் தாமே மதிய உணவு பரிமாறுகிறார்கள். பிறகு துணியும் துடைப்பமும் எடுத்து வகுப்பறையைத் தூய்மை செய்கிறார்கள். நம் பங்குப் பள்ளியில் ஒரு பிள்ளையைப் பெருக்கச் சொன்னால் மறுநாள் அவன் தந்தை என் வாசலில் நிற்பார்! மொழி தெரியாத பிள்ளைகளுக்கெனத் தனிப் பயிற்சியைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே அமைக்க 2014இல் வழி செய்தார்கள். அது எல்லாப் பள்ளியிலும் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை. சேருமுன் வட்ட அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

இதில் ஓர் அபாயமும் மறைந்திருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் சட்டக் கடமை ஜப்பானியக் குடிமக்களுக்கே உரியது. அயல்நாட்டாருக்கு அது இல்லை. விரும்பி விண்ணப்பித்தால் ஏற்றுக்கொள்வார்கள். விண்ணப்பிக்காவிட்டால் வற்புறுத்துவோர் இல்லை. 2019இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் முதன்முறையாகக் கணக்கெடுத்தபோது, சுமார் 20,000 அயல்நாட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் இல்லாதிருக்கலாம் எனத் தெரியவந்தது. "இந்த ஆண்டு போகட்டும், ஊருக்குத்தானே போகப் போகிறோம்" என்று தள்ளிப்போடும் வீடுகளில் பிள்ளையின் வயது மட்டும் தள்ளிப்போவதில்லை.

பொதுப்பள்ளியின் உண்மையான விலை யென்னில் இல்லை, மொழியில் இருக்கிறது. ஜப்பானியப் பிள்ளை இரண்டு வகை அசையெழுத்துகளைக் கற்பதோடு, காஞ்சி என்னும் சீன வழி எழுத்துகளில் முதல் வகுப்பில் 80, ஆறாண்டு முடிவதற்குள் 1,026 கற்றாக வேண்டும். நம் பிள்ளைக்கு ஒரு சிறு வசதி உண்டு: வாக்கிய அமைப்பு. "வத்தாஷி வா அஷித்தா கக்கோ எ இக்கிமாஸ்" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், "நான் நாளை பள்ளிக்குப் போகிறேன்" என்று நம் வரிசையிலேயே வந்து நிற்கும். ஆறு வயதுப் பிள்ளை விளையாட்டுத் திடலில் இரண்டே ஆண்டில் சரளமாகப் பேசும். பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். விளையாட்டு மொழி வேறு, பாடமொழி வேறு. வந்தேறிய குடும்பங்களின் பிள்ளைகளைக் கனடாவில் ஆராய்ந்த பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ், பேச்சுமொழிக்கு ஏறத்தாழ 2 ஆண்டும், பாடமொழியில் உடன் பயில்வோருக்கு நிகராக 5 முதல் 7 ஆண்டும் ஆகும் என்று காட்டினார். ஆக, ஆறு வயதில் நுழைந்து நெடுங்காலம் தங்கும் பிள்ளைக்குப் பொதுப்பள்ளி ஒரு வரம். பதினொரு வயதில் நுழையும் பிள்ளைக்கு, பதினைந்து வயதில் காத்திருக்கும் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வை எண்ணும்போது, பெருஞ்சுமை. ஆறு வயதில் நுழைந்து மூன்றே ஆண்டில் வெளியேறும் பிள்ளையோ பாதி கட்டிய வீட்டைக் கைவிட்டு வருவது போலாகும்.

நம் கடற்கரை ஊர்களுக்குத் தந்தையான புனித சவேரியாரை இங்கே நினைத்துக்கொண்டேன். முத்துக்குளித்துறையில் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தவர் அவர். 1549 ஆகஸ்டு 15ஆம் நாள் ககோஷிமாவில் கரையிறங்கியபோது மொழி தெரியாமல், தம்மையும் தோழர்களையும் சிலைகளுக்கு ஒப்பிட்டுக் கடிதம் எழுதினார். மொழிபெயர்ப்பாளர் சொல்லைக் கேட்டுக் கடவுளுக்கு "தைநிச்சி" என்னும் பெயரை வழங்கிவந்தார். அது புத்த சமயத்தார் போற்றும் மகாவைரோசனரின் பெயர் என்று பின்னரே அறிந்து, அதைக் கைவிட்டு "தேயுஸ்" என்னும் இலத்தீன் சொல்லையே கையாண்டார். அரைகுறையாக அறிந்த மொழி அத்தகைய பெரியவரையே தடுமாறவைத்தது. ஒரு சிறுவன் ஜப்பானிய மொழி பாதி, ஆங்கிலம் பாதி, தமிழ் கால் என்று நின்றால், தன் அச்சத்தையும் ஐயத்தையும் எம்மொழியில் தாயிடம் வந்து சொல்லுவான்?

நிற்க. இவ்வளவும் சேர்த்துக்கொண்டு, ஒரு மாலை அவ்விருவரையும் சேர்த்தே காணொளியில் அழைத்தேன். பள்ளிகளின் பெயரையே எடுக்கவில்லை. "பையன் பன்னிரண்டு வயதில், தொடக்கப்பள்ளி முடிக்கும் நாளில், நீங்கள் எந்த நாட்டில் இருப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

"இங்கேதான், சுவாமி" என்றார் அவர். "ஊரில்" என்றார் அந்த அம்மையார். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அவர் நிரந்தர வசிப்பு உரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறார். அம்மையாரின் தாய்க்கோ உடல்நலம் குன்றி வருகிறது. இவர் ஒரே மகள். இதை இருவரும் முகம் பார்த்துப் பேசியதே இல்லை. பேசாத அந்த வழக்கையெல்லாம் பள்ளிப் பட்டியலில் ஏற்றி, ஒருவர் பொதுப்பள்ளிக்கும் ஒருவர் இந்தியப் பள்ளிக்கும் வாதாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பையன் பின்னால் தரையில் அமர்ந்து எதையோ கத்தரித்து ஒட்டிக்கொண்டிருந்தான்.

என் சொந்தக் கருத்து பொதுப்பள்ளியின் பக்கமே சாய்ந்திருந்தது என்பதை மறைக்கவில்லை. அந்த மதிய உணவுப் பரிமாற்றம் என்னை அவ்வளவு கவர்ந்துவிட்டது. ஆனால் ஒருமுறை சுட்டுக்கொண்டவன், வாய் மூடியிருந்தேன். "இருவரும் பேசி முடிவெடுங்கள், அதற்குப்பின் பள்ளி தானே தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மகன் எழுதினார். நான்கு ஆண்டில் ஊர் திரும்புவதென்று முடிவாம். ஆகவே இந்தியப் பள்ளி. எழுத்தில் சிறிது வருத்தம் தெரிந்தது. ஏழு நிமிட நடைப் பள்ளியை அவர் மிகவும் விரும்பியிருந்தார். ஜப்பானிய மொழி அடியோடு நழுவிவிடாதிருக்க, அண்டை வீட்டுச் சிறுவர்கள் சேரும் காற்பந்துக் குழுவில் பையனைச் சேர்த்திருக்கிறார்களாம். தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் பொறுப்பைத் தாய் தாம் ஏற்க முன்வந்தாராம். ஆனால் அதற்கு இங்கே வேறொருவர் முந்திக்கொண்டார்.

பாட்டியம்மாள் இப்போது நாள்தோறும் மாலை நான்கரை மணிக்கு, அதாவது அங்கே இரவு எட்டு மணிக்கு, கைப்பேசியைச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் கரித்துண்டால் ஓர் எழுத்து எழுதிக் காட்டுகிறார். சென்ற ஞாயிறு முற்றத்தில் என்னை மறித்து, "ஞ-வைக் காட்டினேன் சாமி, பூனை வாலைச் சுருட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்குன்னு சொல்றான். இன்னைக்கும் அதே எழுத்துத்தான்" என்றார்.